பம்பளிமாஸ் மரத்துக்குத் துக்கத்துணி

லுவாவும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, பம்பளிமாஸ் மரத்தடியில் வைக்கோல் பரப்பியது. சந்திரக் கணக்கில் பதினோராம் மாதம். நாற்பது நாளாக மழையில்லை. வடக்கிலிருந்து வந்த வறண்ட குளிர்காற்றில் குளக்கரைச் சேறு வெடித்துக் கிடந்தது.

"சொட்டுநீர்க் குழாய் போட்டுத் தரேன்ப்பா. தண்ணி சுமக்க வேண்டாம்" என்றாள் லுவா. ஹைபோங் நகரத்தில் பம்பு வடிவமைப்பவள்.

"மரத்துக்குத் தாகமா இல்லையான்னு உன் குழாய் கேட்டுக்குமா, இன்ஜினீயரம்மா?"

அப்பா பாங், முப்பத்தொரு வருடம் ஊர்ப் பாசன நிலையத்தில் மோட்டார் ஓட்டியவர். ஊர் வயலுக்கெல்லாம் பொத்தானை அழுத்தித் தண்ணீர் விட்டவர், தன் தோட்டத்துக்கு மட்டும் இரண்டு பூவாளிகளில் சுமந்தார். உச்சிவேளையில், குளிர் சற்று விட்ட பிறகு. ஊற்றுமுன் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்ப்பார். முதலில் நூக்கோல் பாத்தி, பிறகு வெற்றிலைக்கொடி, கடைசியில் பம்பளிமாஸ். அது அம்மா நட்ட மரம்.

அதன் ஒரு கிளையில் மண் பொதிந்து, கண்ணாடித்தாள் சுற்றிப் பதியம் போட்டிருந்தார். "இது குளத்துக்கு அக்கரை தோமுக்கு. புயல்ல அவ மரம் சாஞ்சு போச்சில்ல. வேர் விடட்டும். வசந்தத் தூறல் விழுந்ததும் நானே கொண்டுபோய் நட்டுத் தரேன்னு சொல்லியிருக்கேன்."

அந்த வியாழக்கிழமை, பூவாளியும் கையுமாகக் குளப்படியில் விழுந்தார். எழவில்லை.

சவ அடக்கத்தன்று ஹோய் அத்தை வெள்ளைத் துணியை நாடாநாடாகக் கிழித்து நீட்டினாள். "மரத்துக்கெல்லாம் கட்டிட்டு வாடி. வீட்டுக்காரர் போனதைச் சொல்லலேன்னா அதுங்களும் பின்னாலயே போயிடும்."

"மரத்துக்குக் காது கிடையாது அத்தை."

"உனக்குந்தான்" என்றாள் அத்தை.

துணி லுவாவின் சட்டைப்பையிலேயே கிடந்தது. வந்தவர்களுக்குத் தேநீர், ஊதுவத்தி, சாப்பாடு. ஒன்பது நாள் தோட்டத்துப் பக்கம் யாரும் போகவில்லை. பத்தாம் நாள் போனபோது பம்பளிமாஸ் இலைகள் சுருட்டு மாதிரி சுருண்டிருந்தன. விரலை மண்ணில் விட்டாள். இரண்டாம் கணுவரை புழுதி. தாய்மரம் காய்ந்தால் பதியமும் காயும்.

துணி கட்ட வந்திருந்தால் மண் காய்வதை அன்றே பார்த்திருப்பாள்.

குழாய் வாங்க அவள் போகவில்லை. விடுப்பை நீட்டினாள். தினமும் உச்சிவேளையில் இரண்டு பூவாளி, பன்னிரண்டு நடை. முதல் நாளே மரங்களுக்கெல்லாம் துணியும் கட்டினாள். பாக்குமரத்துக்கு, வெற்றிலைக்கொடிக்கு, கடைசியில் பம்பளிமாஸுக்கு. "அப்பா போயிட்டாரு" என்று அதனிடம் சொன்னாள். வாய்விட்டு அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

தண்ணீர் ஊற்றத் தொடங்கிய ஏழாம் நாள் உச்சி இலைகள் விரிந்தன. கண்ணாடித்தாளுக்குள் வெள்ளை நூலாக நான்கைந்து வேர்கள் தெரிந்தன.

வானத்தில் மேகமில்லை. தூறலுக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. அக்கரையில் பதியத்துக்காகத் தோம் வெட்டி வைத்த குழி வாய் திறந்தபடியே கிடந்தது.