பேரத்தின் நடுவில் கையை எடுத்த அப்பா

பதினாறாம் நாள் காரியத்துக்கு வரும் உங்கள் கையில் தருவதற்காக, அப்பாவைப் பற்றி எழுதும்படி அண்ணன் என்னிடம் சொன்னார். அவரே எழுதினால் நன்றாக இருக்கும் என்றேன். "ஆஸ்பத்திரி சமாச்சாரமெல்லாம் உனக்குத்தான் தெரியும், நீயே எழுது" என்றுவிட்டார். குழந்தை தூங்கும் நேரங்களில் எழுதியது இது. கோர்வை தவறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரிமங்கலத்தை அடுத்த சிற்றூரில், மானாவாரிக் காட்டை நம்பிய குடும்பத்தில் அப்பா பிறந்தார். இளம் வயதில் தந்தையை இழந்து, தங்கைகளைக் கரையேற்ற மாட்டுத் தரகுக்கு வந்தார். சந்தையில் துண்டுக்கடியில் விரல்களைத் தொட்டுத்தான் விலை பேசுவார்கள். பேரம் முடியுமுன் கையை எடுத்தால் எதிரில் இருப்பவரை அவமதித்ததாகும். அப்பா அப்படி எடுத்ததே இல்லை என்பதுதான் சந்தையில் அவருக்கிருந்த பெயர். வறட்சிக் காலத்தில் வேறு வழியின்றி உழவு மாட்டை விற்க வந்தவர்களிடம் அவர் தரகு வாங்கியதில்லை.

நடுவயதில் சர்க்கரை நோய் வந்தது. பிறகு இதயக் குழாய்களில் அடைப்பும் வந்தது. மொரப்பூரில் ரயிலேறிச் சென்னைக்குப் போய், நம் பக்கத்தில் அபூர்வமாகவே செய்துகொள்ளும் இதய அறுவை சிகிச்சையை அப்பா தைரியமாகச் செய்துகொண்டார். வீடு திரும்பும் நாளில் மருத்துவர் என்னைத் தனியே அழைத்தார்.

"சர்க்கரை இருக்கிறவங்களுக்கு மறுபடி அடைக்கிற வாய்ப்பு அதிகம்மா. அது வலியே இல்லாமலும் வரும். வேர்த்தா முதல்ல வெல்லம் குடுங்க. சர்க்கரை இறங்கின வேர்வைன்னா அடங்கிடும். அடங்கலைன்னா இதயம்னு நெனச்சு உடனே கிளம்புங்க."

பிரசவத்துக்காகப் பிறந்த வீட்டில் இருந்த நான் இதை அப்பாவிடம் ஓயாமல் சொன்னேன். "பள்ளிக்கூடத்துப் புள்ள மாதிரி ஒப்பிக்கிறியே பாப்பா" என்று சிரிப்பார். அதிகம் பயமுறுத்துகிறேனோ என்றும் தோன்றும், போதவில்லையோ என்றும் தோன்றும். ஒருநாள் பேரன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்ய வந்தார். குழந்தை மேல் வேண்டாம் என்று தடுத்தேன். "செரி, வாயாலயே சொல்றன். வேர்வை நிக்கலைன்னா எங்க இருந்தாலும் எந்திரிச்சிருவன்" என்றார்.

அடுத்து வந்த ஒரு சந்தை நாளில் நடந்ததை, அன்று அப்பாவின் எதிரில் அமர்ந்திருந்த மாட்டு வியாபாரி தருமபுரி பாய்தான் எங்களுக்குச் சொன்னார். பெரிய மாட்டு ஜோடி ஒன்றுக்குத் துண்டுக்கடியில் பேரம் நடந்துகொண்டிருந்தது. அப்பாவுக்குச் சட்டை நனைய வேர்த்தது. மடியிலிருந்த வெல்லத்தை வாயில் போட்டும் நிற்கவில்லை.

"என்னாண்ணே, என் வெலைக்கே இப்டி வேர்க்குதா?" என்று பாய் சீண்டினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அத்தனை பேர் முன்னிலையிலும் அப்பா கையை எடுத்துவிட்டார். "பாய், தப்பா நெனைக்காதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"நெஞ்சு வலிக்குதுங்களா?"

"வலிக்கல. அதனாலதான் போவணும்."

பாய் பேரத்தை விட்டு வாடகைக் கார் பிடித்தார். தருமபுரியில் இதயப் படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், "வலியே இல்லாம எப்படிங்க கண்டுபுடிச்சு வந்தீங்க?" என்று கேட்டாராம். "எம் பொண்ணு சொல்லி வெச்சிருந்துச்சுங்க" என்று அப்பா சொன்னதை நினைக்கும்போது இன்றும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. அதைவிடப் பெருமை, ஆயுளெல்லாம் காத்த பெயரை அவர் எங்களுக்காக விட்டுக்கொடுத்தது. அந்தக் கையெடுப்பால்தான் பேரன் நடப்பதையும் "தாத்தா" என்று கூப்பிடுவதையும் பார்த்தார்.

சென்ற மாதம் அப்பாவுக்கு மூச்சு வாங்கியதும் மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். இம்முறை இதயம் தாங்கவில்லை. காரில் போகும்போது, காலையிலேயே கிளம்பியிருக்க வேண்டுமோ என்று புலம்பினேன். "வுடு பாப்பா. நேரத்துக்குத்தான் கூட்டியாந்த" என்றார். அவர் எங்களிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

உடனிருந்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், சொந்தத் தம்பிபோல் நின்ற பாய்க்கும், துக்கத்தில் பங்குகொண்ட உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நம் உறவில் சர்க்கரை உள்ளவர்கள் பலர். அப்பாவுக்கு மரியாதை செய்ய நினைத்தால், வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மகள்