வண்டி வரட்டும்

எங்கள் வேதியியல் சாரைப் பதினோராம் வகுப்பிலிருந்து மாற்றவைத்தவன் நான். தலைமையாசிரியர் அறைக்குப் போய், அவரைப் பற்றிப் புகார் சொன்னேன். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அது இன்னும் மோசம்.

தாம்பரத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் பாதிப்பேர் உள்ளூர்ப் பையன்கள். மீதிப்பேர் வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரியிலிருந்து காலைச் செங்கல்பட்டு ரயிலில் வருபவர்கள். அந்த ரயில் சரியான நேரத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை. முதல் பீரியட் வேதியியல். மணி அடித்ததும் சார் உள்ளே வருவார், சாக்பீஸை எடுப்பார், ஜன்னலோரம் போய் நின்றுகொள்வார்.

"சார், மணி அடிச்சாச்சு" என்போம்.

"அது பள்ளிக்கூடத்துக்கு அடிச்ச மணிப்பா. நம்ம வகுப்புக்கு வண்டிதான் மணி. வரட்டும்."

அதுவரை எதையாவது பேசுவார். தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே ஏன் இடைவெளி விடுகிறார்கள் என்பது, ஸ்டேஷன் கடை போண்டாவில் சோடா உப்பு ஏன் அதிகம் என்பது, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் தான் தூங்கிப்போய் மனைவியிடம் இடி வாங்கியது. ஒருநாள்கூட நான் சிரிக்காமல் இருந்ததில்லை. பிறகு ரயில் பையன்கள் வேர்க்க விறுவிறுக்க ஓடிவருவார்கள். சார் பலகைப் பக்கம் திரும்பிப் பாடத்தை ஆரம்பிப்பார். அவர்கள் தாமதமாக வந்ததாக யாருக்கும் தோன்றாது.

எனக்குத் தோன்றியது. அப்போது பதினோராம் வகுப்புதான் பள்ளியிறுதி. பொதுத் தேர்வில் பள்ளியிலேயே முதலாவதாக வர வேண்டும் என்று இருந்தேன். பாடம் பின்தங்கியிருந்தது. ஜன்னலோரம் போன நேரமெல்லாம் என்னுடைய மதிப்பெண் என்று எனக்குப் பட்டது. போய்ச் சொன்னேன். தலைமையாசிரியர் என் பெயரை வெளியே விடமாட்டேன் என்றார், விடவும் இல்லை. அந்த வகையில் கண்ணியமானவர்.

மறுநாளிலிருந்து அவரே வராந்தாவில் வந்து நின்றார். மணி அடித்த பிறகு வந்தவர்கள் பீரியட் முடியும்வரை வெளியே நிற்க வேண்டும். சார் கதவைத் திறந்து வைத்துவிட்டு, வெளியே நிற்பவர்களுக்கும் கேட்கும்படி உரக்கப் பாடம் நடத்தினார். இரண்டு வாரத்தில் தொண்டை கட்டிவிட்டது. பலகையில் எழுதுவதை அவர்களால் பார்க்க முடியாது என்று எழுதுவதையும் நிறுத்தினார். எல்லாவற்றையும் வாயாலேயே சொன்னார். வேதியியலை வாயால் சொல்ல முடியாது. தலைமையாசிரியர் அவரை ஆறாம் வகுப்புக்கு மாற்றினார்.

நான் முதலாவதாக வந்தேன். சார் வீடு தேடி வந்து என் அப்பாவிடம் என்னைப் புகழ்ந்துவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார்.

கூடுவாஞ்சேரி பையன் ஒருவன், எனக்கு நண்பன், வேதியியலில் தவறினான். திரும்ப எழுதவில்லை. கிண்டியில் ஒரு பட்டறையில் லேத் வேலைக்குச் சேர்ந்தான்.

எழுபதுகளின் கடைசியில் சார் இறந்தார். பள்ளி ஹாலில் நினைவுக் கூட்டம். முதலாவதாக வந்தவன் என்பதால் நான்தான் முதலில் பேச வேண்டும். போதகர் ஜெபம் முடித்து உட்கார்ந்தார். நான் மேடையேறி, "செங்கல்பட்டு வண்டி வரட்டும். அதுக்கப்புறம் ஆரம்பிக்கலாம்" என்றேன். இதை நான் ஒரு வாரமாக யோசித்து வைத்திருந்தேன். சாருக்குச் செய்ய வேண்டியது இதுதான் என்று நம்பினேன்.

காத்திருந்தோம். போதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாரின் மனைவி விசிறிக்கொண்டிருந்தார். வண்டி வந்த சத்தம் கேட்டது, போன சத்தமும் கேட்டது. ஹாலுக்குள் யாரும் வரவில்லை.

முன் வரிசையிலிருந்து ஒரு குரல்: "டேய், யாருக்குடா வெயிட் பண்ணிகினு கீறே?"

கூடுவாஞ்சேரிக்காரன். எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறான். வழுக்கை விழுந்திருந்ததால் அடையாளம் தெரியவில்லை.

"உங்களுக்குத்தான்."

"நாங்கல்லாம் அப்பவே வந்துட்டோம்டா. ஸ்கூட்டர் வாங்கி ரெண்டு வருஷமாவுது. ரயில்ல இப்ப எவன் வரான்?"

ஹால் முழுக்கச் சிரித்தது. சாரின் மனைவியும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், பேச வேறெதுவும் தயாராக இல்லாமல், அன்று தலைமையாசிரியரிடம் போனது நான்தான் என்று சொன்னேன். மைக் நன்றாக வேலை செய்தது. எல்லோருக்கும் கேட்டது.

கூட்டம் முடிந்ததும் சாரின் மனைவியிடம் போனேன். "அவர் உயிரோட இருக்கும்போது சொல்லியிருக்கலாமேப்பா" என்றார். மன்னித்ததாகவும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

வெளியே அவன் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்றேன்.

"கோவமா?"

"தெர்லடா. அன்னிக்கு வாசல்ல நின்னுகினு, எவன்டா போட்டுக் குடுத்தான்னு உன்கிட்டதான் கேட்டேன். நீயும் சேர்ந்து திட்டினே." வண்டி கிளம்பியது. "யோசிச்சுச் சொல்றேன்."

யோசித்து முடித்ததாக இதுவரை தகவல் இல்லை.