புது மாத்திரை வருவதற்கு முன்

நர்ஸான அவளை ஆஸ்பத்திரியில் ‘பூக்கை’ என்பார்கள். அவள் ஊசி குத்தினால் வலி தெரியாது. இதயத் துடிப்பு தாறுமாறானவர்களுக்கு ரத்தம் கட்டாமல் தடுக்கும் புது மாத்திரை ஒன்றை அங்கே சோதித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குச் சம்மதித்து வந்தவர்களிடம் ரத்தம் எடுப்பது அவள் வேலை.

அவள் புருஷனுக்கும் அதே கோளாறுதான். சலூன் வைத்திருந்தார். பல வருடமாகப் பழைய மாத்திரை. அளவு குறைந்தால் ரத்தம் கட்டும், கூடினால் நிற்காமல் ஒழுகும். அதனால் அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும், மாத்திரையின் வேலையைக் கெடுக்கும் என்று கீரையைக்கூட யோசித்துத்தான் தின்ன வேண்டும். ஊருக்கெல்லாம் கத்தியால் சவரம் செய்கிறவர், தன் கன்னத்துக்கு மட்டும் மின்சார மெஷினை எடுப்பார்.

“என் கத்தியை நானே நம்பலைன்னு வெளிய சொல்லிடாத. கடை படுத்துரும்” என்று சிரிப்பார்.

அவரையும் சோதனையில் சேர்க்கச் சொல்லி டாக்டரிடம் போய் நின்றாள்.

“அவருக்குச் சிறுநீரகம் ரொம்பப் பழுதாயிருக்கேம்மா. மருந்து வெளியேறாம உடம்புலயே தங்கிடும். சேர்க்க முடியாது.”

நியாயம்தான் என்று அவளுக்குத் தெரியும். அதனால் கோபப்படக்கூட வழியில்லாமல் வீட்டுக்கு வந்தாள்.

“விடு, பழசோடயே குடும்பம் நடத்துவோம். நீ என்னோட நடத்தலையா?” என்றார் அவர்.

ஒரு காலையில் கடை ஷட்டரில் நெற்றியை இடித்துக்கொண்டார். புடைக்கக்கூட இல்லை. வந்தவருக்கு முடி வெட்டி அனுப்பிவிட்டு, தலை வலிக்கிறது என்று நாற்காலியில் சாய்ந்தார். அடுத்துக் காத்திருந்தவர், அசதியில் கண்ணயர்ந்துவிட்டார் என்று நினைத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது மூளைக்குள் ரத்தம் பரவியிருந்தது. ரத்தம் எடுக்க வந்த நர்ஸிடமிருந்து ஊசியை வாங்கிக்கொண்டாள்.

“நீங்க வேண்டாங்கக்கா.”

“வேற யாராவது குத்தினா அவருக்கு வலிக்கும்.”

அவருக்கு நினைவே இல்லை என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. சாயங்காலம் போய்விட்டார்.

சில வருடங்களில் புது மாத்திரை கடைக்கு வந்தது. மூளைக்குள் ரத்தம் கசிவது இதில் குறைவு, அடிக்கடி ரத்தம் பார்க்கவும் வேண்டாம் என்று சோதனைகளில் தெரிந்திருந்தது. அதை எப்படிச் சாப்பிடுவது என்று நோயாளிகளுக்குச் சொல்லித் தரும் வேலை அவளுக்கு வந்தது. ஒருநாள் கணவரை அழைத்து வந்த ஓர் அம்மா கேட்டார்:

“ஓயாம ரத்தம் பாக்க வேண்டாம்னா பயமா இருக்கே சிஸ்டர். உங்க வீட்ல யாருக்காவது குடுத்திருக்கீங்களா?”

“எங்க வீட்டுக்காரருக்குக் கேட்டேன். கிடைக்கலை. அவர் இப்ப இல்ல. நீங்க வேளை தவறாம குடுங்கம்மா, நீங்களா நிறுத்திடாதீங்க.”

அந்த அம்மா மாத்திரை அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.