குழாய்க்காரரின் குடல்

அடைப்பு எடுப்பதில் குழாய்க்காரரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வேலை முடிந்ததும் அந்த வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேல் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுத்தான் கிளம்புவார்: ‘தினமும் நிறையத் தண்ணீர் விடவும். அடைத்தால் நீங்களே குத்தித் தள்ளாதீர்கள்.’

அப்பேர்ப்பட்டவருக்கு அடிவயிற்றின் இடப்பக்கம் வலி, கூடவே காய்ச்சல். "அடைப்புதான், எனக்குத் தெரியாதா?" என்று பேதி மாத்திரையை இரண்டிரண்டாக விழுங்கினார். வலி உயிரை எடுத்தது. மனைவி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, "அடைப்பெல்லாம் இல்லைங்க. பெருங்குடல் சுவர்ல சின்னச் சின்னப் பையா புடைச்சிருக்கு. அதுல ஒண்ணு வீங்கிப் புண்ணாயிருக்கு. நல்லவேளை, ஓட்டை விழல. மருந்து தர்றேன். ரெண்டு மூணு நாள் கஞ்சித்தண்ணி மாதிரி ஏதாவது மட்டும் குடிங்க. ஆறினப்புறம் காய்கறி, பழம் நிறையச் சேர்த்துக்கணும். ஆமா, தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?" என்றார்.

நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்கிற மனிதர் விட்டத்தைப் பார்த்தார்.

"டீயில இருக்கிற தண்ணிதான் டாக்டர்," என்றாள் மனைவி.

வீடு திரும்பியதும் அவர் முன்னால் ஒரு சொம்புத் தண்ணீரை வைத்தாள். சொம்பில் அவருடைய சீட்டே ஒட்டியிருந்தது.

"என்னடி இது?"

"படிங்க. நீங்க எழுதினதுதானே?"

ஊரெல்லாம் ஒட்டிய சீட்டை அன்றுதான் முழுசாகப் படித்தார்.