இலந்தைப் பழச் செண்டு

செண்டு வியாபாரத்தில் பெரிய தொந்தரவு, வாங்க வருகிற எல்லோருக்கும் மூக்கு இருக்கிறது என்பதுதான். எதையாவது விற்று அவதிப்படும் அன்பர்களே, உங்கள் சரக்கைக் குறை சொல்லக் கொஞ்சமாவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் சரக்குக்கு அதுவும் வேண்டாம்.

யுத்தத்தில் சீமை எஸன்ஸ் வரத்து நின்றபோது நான் புதுக்கோட்டையில் ஒரு செண்டுக் கடையில் கலவை போட்டுக்கொண்டிருந்தேன். காட்டில் மண்டிக் கிடக்கும் இலந்தையில் புதுச் செண்டு செய்கிறேன் என்று முதலாளியிடம் வாயைக் கொடுத்தேன். மாசியில் கூடை கூடையாகப் பழம் வாங்கி, வாட்டி, சந்தனத் தைலத்தில் ஊறப்போட்டு, ஓர் அலமாரி நிறையப் புட்டிகளில் அடைத்தேன். ஆடி பிறப்பதற்குள் அலமாரி காலியாகாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள் என்றார் முதலாளி. எனக்கு இருந்த வேறு இடம் கறம்பக்குடியில் மாமனாரின் புண்ணாக்குக் கடை. தையில் கல்யாணமான நாளாக அவரும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த வாடையை நினைத்தாலே எனக்குப் பயம்.

முதல் போணி

கீரனூரிலிருந்து ஒரு மர வியாபாரி வந்தார். புறங்கையில் ஒரு சொட்டு தடவிவிட்டேன். மோந்தார். கண்ணை மூடி இன்னொரு தரம் மோந்தார். சரி, விழுந்துவிட்டார் என்று புட்டியைக் காகிதத்தில் சுற்ற ஆரம்பித்தேன். அதற்குள் அவர் புறங்கையை நக்கிப் பார்த்துவிட்டார். முகம் கோணிப்போயிற்று.

"வாசனையெல்லாம் சரிதாங்க. உப்பும் மொளகாயும் போட மறந்துட்டீங்க."

ஆவூர் வாத்தியார்

முழுப் புட்டி வாங்கிய முதல் மனிதர் ஆவூர்ப் பள்ளிக்கூட வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குச் சட்டையில் தாராளமாகப் பூசிக்கொண்டு போயிருக்கிறார். அடுத்த வாரமே முக்கால் புட்டியோடு திரும்பி வந்தார். சாயம் ஒட்டிக்கொண்டதோ, அரித்ததோ என்று நானாக ஒவ்வொன்றாகக் கேட்டேன். அதெல்லாம் இல்லை என்றார். புட்டியை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

"பிரசங்கம் முடியிற வரைக்கும் எம் பக்கத்துல இருந்த பயலுக அத்தன பேரும் எஞ் சட்டைப் பையையே பாத்துக்கிட்டு இருந்தானுங்க."

வீட்டுக் கிராக்கி

ஆனி பாதி ஆயிற்று. அலமாரி நான் அடுக்கிய மேனிக்கே இருந்தது. வீட்டில் மனைவிக்கு மசக்கை. சோறு கொதிக்கிற வாடையே ஆகவில்லை. கஞ்சி குடித்தாலும் நிற்கவில்லை. நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனாள். எனக்கு வேலையைவிட அந்தக் கவலைதான் பெரிதாக இருந்தது. மூன்று வேளையும் அவள் கேட்டது இலந்தைப் பழம் ஒன்றுதான். ஆனியில் இலந்தைக்கு எங்கே போவது?

வேறு வழி தெரியாமல் ஒரு புட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூடியைத் திறந்து மோந்தாள். பிறகு தட்டை எடுத்துவரச் சொன்னாள். ஒரு வாய் சோறு, ஒரு மோப்பம் என்று முழுத் தட்டையும் முடித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்கு அதெல்லாம் இல்லை.

"இத்தன நாளா இதக் கடையில வச்சுக்கிட்டா என்னையப் பட்டினி போட்டீங்க?"

மாமனார் வந்தார்

மகளைப் பார்க்க வந்த மாமனார் அவள் சாப்பிடுகிற விதத்தைப் பார்த்தார். ஒரு புட்டியை மடியில் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனார். நாலாம் நாள் வண்டி கட்டிக்கொண்டு நேரே எங்கள் கடைக்கே வந்துவிட்டார். மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் மகளோ மருமகளோ மசக்கையாக இருக்கிறார்களாம். ஆடிக்கு இரண்டு நாள் இருக்க, அலமாரி முழுவதும் அவர் வண்டியில் ஏறியது. முதலாளி அடுத்த மாசிக்கு இன்னும் அதிகமாகப் போடச் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. மாமனார் வண்டியில் ஏறி உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நம்ம கடைக்கு வாங்கன்னா வர மாட்டேன்னீங்க மாப்பிள்ள. ஒங்க சரக்கு வந்துருச்சு பாத்தீங்களா?"

புண்ணாக்கு வாடைக்குப் பயந்து செண்டுக் கடையையே பிடித்துக்கொண்டிருந்த நான், அந்தப் புண்ணாக்கு மூட்டைகளுக்கு நடுவில்தான் என் செண்டை விற்றுப் பிழைத்தேன்.