கஞ்சி கொடுக்கலாம் என்று எழுதியிருந்தது

பூந்தமல்லி டிஸ்பென்சரியில் எங்கள் டாக்டர் ஒரே பக்கத்தை மூன்று தடவை படித்த அந்தக் காலைவேளை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பட்டணத்திலிருந்து தபாலில் வந்த மருத்துவப் பத்திரிகை அது. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தைய வருஷங்கள். நான் அங்கே கம்பவுண்டர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "டைபாய்டுக்காரனைப் பட்டினி போடக் கூடாதாம்யா. பட்டினியே பாதி ஆளைக் கொல்லுதாம்" என்றார்.

இருபது வருஷமாக அவர் அதற்கு நேர்மாறாகத்தான் சொல்லிவந்தார். அவர் படித்த காலத்துப் பாடம் அது. புண்ணான குடலில் சோறு போனால் ஓட்டை விழும். ஜுரம் விடும்வரை பார்லித் தண்ணீர் மட்டும். இன்று டைபாய்டுக்கு மாத்திரை இருக்கிறது, சாப்பிடச் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். அன்று, மனசு கேட்காமல் ஒரு பிடி சோறு ஊட்டிய தாய்மார்களை அவர் திட்டியதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

அப்போது பாரிவாக்கத்தில் ஏர் ஓட்டும் இளைஞன் ஒருவன் மூன்றாவது வாரமாக அந்த ஜுரத்தில் கிடந்தான். அன்றே வண்டி கட்டிக்கொண்டு போனோம். குழையக் காய்ச்சிய கஞ்சியும் பாலும் கொடுக்கச் சொன்னதும் அவன் தகப்பன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"இன்னா சாமி இப்டி சொல்றீங்க? பெரியவனுக்கு ஜுரம் வந்தப்ப, சோத்த கண்ணுல காட்டாதேன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்டித்தானே பொழச்சான்?"

"அப்போ எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதாம்பா."

"இப்ப மட்டும் எப்டி சாமி தெரியும்?"

பத்திரிகையில் வந்ததை டாக்டர் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கே அந்தப் பதில் போதவில்லை. தினமும் போனோம். எங்கள் முன்னால் தகப்பன் தலையாட்டினான். நாங்கள் திரும்பியதும் கஞ்சியை மாட்டுத் தொட்டியில் ஊற்றினான். மகன்மேல் இருந்த உயிரால்தான் ஊற்றினான். அவனைக் கோபிக்க எங்களுக்கு வாயில்லை. ஒருநாள் டாக்டரே உட்கார்ந்து ஊட்டிப் பார்த்தார். அதற்குள் விழுங்கக்கூட அந்தப் பிள்ளைக்குத் தெம்பில்லை. நாங்கள் போகத் தொடங்கிய எட்டாம் நாள் போய்விட்டான்.

கொஞ்ச நாளில் அவன் தாய்க்கும் அதே ஜுரம் கண்டது. இந்தத் தடவை தகப்பனே டிஸ்பென்சரிக்கு ஓடிவந்து, "நீங்க சொல்றதையே செய்றேன் சாமி" என்றான். வேளை தவறாமல் கஞ்சி கொடுத்தான். அவள் பிழைத்தாள்.

அவளை மெல்ல நடத்திக் கூட்டிவந்த அன்று, டாக்டர் பார்த்து முடித்த பிறகும் அவன் போகாமல் நின்றான்.

"அப்போ அவனும் பொழச்சிருப்பானா சாமி?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "இல்லப்பா. அவனுக்கு வந்தது வேற ஜுரம். எதைக் குடுத்திருந்தாலும் நின்னிருக்க மாட்டான்" என்றார்.

அவன் என் பக்கம் திரும்பினான். இரண்டு பேருக்கும் ஒரே வியாதிதான் என்று ரிஜிஸ்தரில் நானே எழுதியிருந்தேன். டாக்டர் சொன்னதுதான் சரி என்று தலையாட்டினேன்.