தண்ணீர் நிற்கும் தெருவுக்கு அம்மா வந்தது

பதுளையில் மழை முதலில் மலைகளில்தான் பெய்யும். கடைத்தெருவில் நின்று பார்த்தால் நாலாபுறமும் யாரோ வெள்ளைச் சேலை காயப்போட்டது போலிருக்கும். நம் தலையில் ஒரு துளி விழுந்திருக்காது. பிறகு அது இறங்கி வரும். தேயிலைக்குள் நுழைந்து, மண்ணைக் கரைத்துச் சிவந்து, படிக்கட்டுகளில் குதித்து, கடைகளின் பின்பக்கத்தைக் கழுவிக்கொண்டு வந்து, இனி ஓட முடியாது என்று அந்தத் தண்ணீர் எல்லாம் உட்கார்ந்துவிடும் இடம் ஒன்று உண்டு. அது அக்காவின் தெரு.

ஒரு காலத்தில் அது வயலாக இருந்ததாம். மண் கொட்டி மேடாக்கித்தான் வீடுகள் கட்டினார்களாம். அந்த மேடு எங்கே என்று தெருக்காரர்கள் இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கணவர் கொழும்பில் வேலையாக இருக்க, அக்கா அங்கே வாடகை வீட்டில் துணி தைத்துக்கொண்டிருக்கிறாள். ஐப்பசி பிறந்தால் தையல் மெஷினுக்கும் கட்டிலுக்கும் காலடியில் செங்கல் வைப்பாள். தை பிறந்தால் எடுப்பாள். இதை ஒரு துயரமாக அவள் சொல்லி நான் கேட்டதில்லை. "என் மெஷினு ஹை ஹீல்ஸ் போட்டுக்கிச்சு" என்பாள்.

ஆனால் அந்த வருடம் அக்காவுக்கு ஒரு ஆசை இருந்தது. அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும். சும்மா வந்து போவதற்கு அல்ல, நிரந்தரமாக.

அம்மா தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், தனியாக இருந்தாள். கொழுந்து எடுத்து ஓய்ந்த கைகள். ஆனால் சும்மா இருக்கத் தெரியாத கைகள். லயத்துக்குப் பின்னால் இருந்த சரிவில் வெடிப்பு விட்டிருந்தது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். மழை பெய்தால் இங்கே படுக்க வேண்டாம் என்றார்கள். அதனால் மழை பெய்தால் எல்லோரும் பாய் தலையணையோடு பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள், வெயில் அடித்தால் திரும்பி வந்து அடுப்பு மூட்டுவார்கள். வெடிப்பு மட்டும் வெயிலிலும் அங்கேயே இருந்தது. நான் ஊர் ஊராகச் சுற்றுகிறவன். எந்த ஊரில் படுத்தாலும் ஓட்டில் மழைச் சத்தம் கேட்டால் அந்த வெடிப்பு என் முதுகுக்குக் கீழே வந்து படுத்துக்கொள்ளும். நானும் அக்காவும் பேசி, கெஞ்சி, கடைசியில் கோபப்பட்டு அம்மாவைக் கீழே கூட்டிவந்தோம்.

"மழ விடுற வரைக்குந்தான்" என்று ஒரே ஒரு பையோடு பஸ் ஏறினாள் அம்மா.

அக்காவின் வாசலில் இறங்கியதும் வீட்டைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு முன்னால் ஓடும் கழிவுநீர்க் கானைக் குனிந்து பார்த்தாள். ஓடும் என்று எழுதுவது ஒரு பேச்சுக்குத்தான்.

"என்னாடி இது, கானா?"

"கான்தாம்மா."

"தண்ணி எந்தப் பக்கம் போவுது?"

"போவாதும்மா. நிக்கும்."

"நிக்கிறதுக்கு எதுக்குடி கான்?"

அக்கா பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அந்தத் தெருவில் யாரும் அதுவரை அதைக் கேட்டதில்லை.

லயத்தில் வளர்ந்தவர்களுக்குக் கான் என்பது தண்ணீர் போகும் வாய்க்கால் மட்டுமில்லை. விடிந்ததும் பெண்கள் ஒருவருக்கொருவர் முகம் பார்க்கும் இடமும் அதுதான். ஒரு குடும்பம் வாழும் ஒற்றை அறைதான் காம்பரா. ஒவ்வொரு காம்பராவுக்கு முன்னாலும் இஸ்தோப்பு என்கிற சின்னத் திண்ணை, இஸ்தோப்பை ஒட்டி நீளமாக ஒரே கான். பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகுமுன் ஒவ்வொருத்தியும் தன் வாசலுக்கு நேரே இருக்கும் துண்டைச் சுத்தம் செய்வாள். சாம்பலை, தேயிலைத்தூளை, கழுவிய சோற்றுப் பருக்கையை, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி மண்வெட்டியால் கீழ்க்காம்பராவுக்குத் தள்ளுவாள். கீழே உள்ளவள் தன்னுடையதையும் சேர்த்து அடுத்தவளுக்குத் தள்ளுவாள். கடைசிக் காம்பராவிலிருந்து அது பள்ளத்துக்குள் போய்விடும். பள்ளத்துக்குப் பிறகு என்ன ஆகும் என்று யாரும் யோசித்ததில்லை. யோசிக்க நேரமும் இருந்ததில்லை. பிந்தி எழும்பியவள் வாசலில் லயம் முழுவதன் குப்பையும் காத்திருக்கும். "ஏண்டி, நேத்து ராத்திரி நெத்திலியா? சொல்லவேயில்ல?" என்று மீன்முள்ளை வைத்தே கேலி செய்வார்கள்.

இன்னொரு முறையும் இருந்தது. தள்ளுகிற வேகத்தில் கீழ்க்காம்பராவின் இஸ்தோப்பில் சேறு தெறித்துவிட்டால், தெறிக்கவிட்டவள் உடனே துடைப்பத்தோடு இறங்கிப் போய்க் கழுவித் தர வேண்டும். சண்டை அதற்குப் பிறகுதான். கழுவி முடிக்கும்வரை இரண்டு பேருமே வாய் திறக்கக் கூடாது. கழுவி முடித்ததும் திறந்தால், அன்றைய பெரட்டுக்கு நேரமாகிவிடும்.

அம்மா நிலைப்படும்வரை நானும் அக்கா வீட்டிலேயே தங்கினேன். மறுநாள் விடியும்போது வாசலில் ஒரு பழைய, பழகிய சத்தம் கேட்டு நான் விழித்தேன். கல்லில் இரும்பு உரசும் சத்தம். அம்மா எங்கிருந்தோ ஒரு மண்வெட்டியை இரவல் வாங்கிவிட்டிருந்தாள். அக்காவின் வாசலுக்கு நேரே இருந்த கானைத் தள்ளிக்கொண்டிருந்தாள். கருப்புச் சேறு, பொலித்தீன், யோகட் கோப்பை, எல்லாம் அவள் சொன்னதைக் கேட்டுக் கீழே நகர்ந்தன. அன்றைக்கு மட்டுமில்லை, தினமும். எங்கள் வாசல் கான் பளிச்சென்று இருந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அம்மாவின் முகத்தில், கொழுந்துக் கூடையை நிறைத்து இறக்கிவைத்தவளின் களை வந்துவிட்டது. வேலை கிடைத்துவிட்டது, இனி தங்கிவிடுவாள் என்று அக்கா எனக்குக் கண்ணைக் காட்டினாள். நாங்கள் இரண்டு பேரும் அந்த லயத்தில் பிறந்தவர்கள்தான். கானைத் தள்ளினால் அது போய்விடும் என்று எங்களுக்கும்தான் நம்பிக்கை.

எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடுதான் தெருவின் கடைசி. அதைத் தாண்டினால் ஒரு மதகு, மதகைத் தாண்டினால் ஓடை, ஓடை போய் ஆற்றில் சேரும். அந்தக் கடைசி வீட்டில் இருந்தது ஒரு சிங்கள அம்மா. காலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பார். அக்காவைவிட நாலைந்து வயது மூத்தவர்; அக்கா அவரை "அக்கே" என்பாள். அவர் என் அம்மாவை "அம்மே" என்று கூப்பிட்டு, உதிர்ந்த இடியப்பத்தைச் சம்பலோடு கொடுத்தனுப்புவார்.

பிறகு அந்த மழை வந்தது. பகல் சாப்பாட்டு நேரம். மலைகள் மறைந்தன, கடைத்தெரு மறைந்தது, எதிர்வீடு மறைந்தது. தெருவில் தண்ணீர் வருவதற்குள் எங்கள் குளியலறை ஓட்டை வழியாக அது வீட்டுக்குள் எழும்பி வந்தது, அழைக்காமலே வந்த சொந்தக்காரரைப் போல. அம்மா அதை அதுவரை பார்த்ததில்லை. மலையில் தண்ணீர் கீழே போகும்; கீழிருந்து மேலே வராது. கட்டிலில் ஏறி உட்கார்ந்து, "என்னாடி இது, திரும்பி வருது, திரும்பி வருது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மழை ஓய்ந்ததும் தெருக்காரர்கள் மதகின் பலகைக்கல்லை நெம்பித் தூக்கினார்கள். உள்ளே கழுத்துவரை அடைத்துக்கொண்டு கருப்பாக இறுகிக் கிடந்தது. கடைசி வீட்டம்மா சேற்றுக்காலோடு நின்று பார்த்தார். அவர் அடுப்பு அணைந்திருந்தது. இடியப்பத் தட்டுகள் முற்றத்தில் மிதந்தன. மாவு வாளி கவிழ்ந்திருந்தது.

"அம்மே!" என்று எங்கள் வாசலைப் பார்த்துக் கத்தினார். அவருக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் அப்போது வெளியே வந்தது. "ஒங்க வூட்டு முன்னாடி சுத்தம்! என்ட வூட்டுக்குள்ள குப்ப! டெய்லி டெய்லி தள்ளினீங்கதானே? இது என்ன தோட்டமா? இங்க பள்ளம் நான்தானே!"

அம்மா கட்டிலுக்குத் திரும்பி வந்து பையை எடுத்தாள்.

"நான் போறேன்."

"எங்கம்மா போற? மேல மண்ணு வெடிச்சிக் கெடக்கு."

"கெடக்கட்டும். அங்க என்னால யாருக்கும் கெடுதல் இல்ல. இங்க வந்து ஒரு வீட்டு அடுப்ப அணைச்சுப்புட்டேன்."

அக்கா சொல்லிப் பார்த்தாள். மேலே கடைக்காரர்கள் கொட்டுகிற குப்பையும் அதே மதகுக்குத்தான் வருகிறது, ஆறு நிறைந்தால் ஓடை தண்ணீரை வாங்காது, அம்மா வருவதற்கு முந்தின வருடமும் தண்ணீர் வந்தது. எல்லாம் உண்மை. அம்மாவின் காதில் ஒன்றும் ஏறவில்லை. ஆயுள் முழுக்கத் தள்ளிய சேறு எங்கேயோ போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தவளிடம் வாதாட முடியாது. அக்கா சுவர்ப் பக்கம் திரும்பி, நனைந்த துணிகளைப் பிழிந்துகொண்டே இருந்தாள். பிழிந்து முடித்த துணியையே திரும்பத் திரும்பப் பிழிந்தாள்.

மறுநாள் காலையில் அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு பையோடு தயாராக நின்றாள். ஆனால் மண் சரிந்து பாதை மூடியிருந்தது, ரயிலும் ஓடவில்லை. போக வழியில்லை என்று நான் வந்து சொன்னதும் கடைசி வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு பையை உள்ளே வைத்தாள். சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினாள். துடைப்பத்தையும் வாளியையும் எடுத்துக்கொண்டு கடைசி வீட்டுக்குள் நுழைந்துவிட்டாள்.

நானும் அக்காவும் பின்னால் ஓடினோம். அந்த அம்மா சமையலறை வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "வேணாம் அம்மே, வேணாம். நான் செய்றேன்." கோபம் இன்னும் ஆறவில்லை. பேச்சு சிங்களத்துக்கு மாறியது, வேகமும் கூடியது. அம்மா தலை நிமிராமல், அடுப்படியிலிருந்த சேற்றைக் கூட்டிக்கொண்டே சொன்னாள்.

"கழுவி முடிச்சிர்றேன். அப்பறமா ஏசுங்க. இப்ப ஏசக்கூடாது."

அக்கா அதைச் சிங்களத்தில் சொன்னாள். அந்த அம்மாவுக்கு விளங்கவில்லை. ஏசுவதற்கு நேரம் குறித்துக் கொடுக்கிற ஆளை அவர் பார்த்ததில்லை. அக்கா லயத்து முறையை விளக்கினாள். அவர் வாய் திறந்து, மூடி, கடைசியில் அணைந்த அடுப்பின் மேலேயே உட்கார்ந்து சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே தானும் ஒரு தும்புத்தடியை எடுத்துக் கூட்ட ஆரம்பித்தார்.

கழுவி முடிந்ததும் சண்டை நடந்தது. முறைப்படி நடந்தது. பிளேன்டீ ஊற்றி, பனங்கட்டி கடித்துக்கொண்டு, நடுவில் அக்கா மொழிபெயர்க்க, இரண்டு பெண்களும் ஆசை தீரச் சண்டை போட்டார்கள்.

"மலையில தண்ணி இழுத்துக்கிட்டுப் போயிரும். இங்க இழுக்கலன்னா அது என் குத்தமா?"

"இங்க தள்ளக்கூடாதம்மே. அள்ளணும். அள்ளி உரப்பைல போடணும். பொறகு குப்ப டிரக்டர் வரும்."

"எப்ப வரும்?"

"அது வர்ற நேரம் வரும்."

"அதுவரைக்கும்?"

"ரோட்டுலதான். நாயி கிழிக்கும். திரும்பவும் அள்ளணும்."

அம்மா என்னைப் பார்த்தாள். "நல்ல ஊருடா இது" என்றாள்.

அன்று பின்னேரம் மதகில் இறங்கினோம். அம்மாவும் அந்த அம்மாவும் அள்ள, நான் பையைப் பிடிக்க, அக்கா கட்ட. சேற்றிலிருந்து ஒற்றைச் செருப்பு வந்தது, எங்கள் வீட்டுக் கரண்டி வந்தது, அக்கா தைத்து மிஞ்சிய சிவப்புத் துணிச்சுருள் முழம் முழமாக வந்தது. ஒரு மீன் தலையும் வந்தது. அதைக் கரண்டியால் தூக்கிப் பிடித்து அம்மா கேட்டாள், "இது யாரு வீட்டு மீனு?" அந்த அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு மேல்வீடுகள் பக்கம் விரலை நீட்டினார். இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்த்து ஒரே மாதிரித் தலையசைத்தார்கள்.

நாலைந்து நாளில் பாதையைத் திறந்துவிட்டார்கள். அக்கா அதை அம்மாவிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் தெமோதரைப் பக்கம் போகும் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டால் அக்காவின் தையல் ஒரு நொடி நிற்கும். அம்மா ஒவ்வொரு காலையிலும் கானை அள்ளினாள். அள்ளியதைக் கடைசி வீட்டம்மா பையில் வாங்கினார். "நீங்க போனா இத யாரு அள்றது? ஒங்க மகன் அள்ளுவாரா? அவரு நிக்கவே மாட்டாரே ஒரு எடத்துல" என்று என்னையும் சேர்த்துக் குத்தினார். அம்மா அள்ளிக்கொண்டே இருந்தாள். பை மட்டும் கதவுக்குப் பின்னால் கட்டியபடியே இருந்தது.

மறுபடியும் மழை வந்தது. கான் சுத்தமாகத்தான் இருந்தது. மதகும் திறந்துதான் இருந்தது. ஆனால் ஆறு நிறைந்திருந்தது. நிறைந்த ஆறு நம் தெருத் தண்ணீரை எங்கே வாங்கி வைத்துக்கொள்ளும்? கொஞ்சம் பிந்தி வந்தது, கொஞ்சம் வெளுப்பாக வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். கடைசி வீட்டம்மா தண்ணீர் ஏறுமுன்பே தன் மாவு வாளியையும் இடியப்பத் தட்டுகளையும் எங்கள் கட்டிலில் கொண்டுவந்து வைத்துவிட்டு, மிச்சத்தை எடுக்க ஓடினார். அம்மா அவற்றுக்கு நடுவே காலை மடக்கி உட்கார்ந்து, கட்டிலுக்குக் கீழே தண்ணீர் வந்து செங்கலைத் தொடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் போன் வந்தது. லயத்தில் அம்மாவின் அடுத்த காம்பராவில் இருக்கும் பெண். அம்மாவுக்குக் காது மந்தம் என்பதால் சத்தமாக வைத்துக் கொடுத்தேன்.

"பெரியம்மா, ரோடு தொறந்து எத்தன நாளாச்சு! எப்ப வர்றீங்க? இங்க இப்பத்தான் மழ விட்டிருக்கு. ஒங்க காம்பராவக் கூட்டி வைக்கவா?"

அக்கா தண்ணீரில் நின்றாள். கையில் துடைப்பம் இருந்தது. கூட்டவில்லை.

அம்மா பாதை திறந்த செய்தியைக் கேட்டு எங்களைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. நாங்கள் சிறுவயதில் சீனியைத் திருடித் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு நிற்கும்போது பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"கூட்ட வேணாம் புள்ள" என்றாள் போனில். "வெறகு நனையாம அதுல அடுக்கிக்க."

"நெசமாவா பெரியம்மா?"

"ஆமா. ஆனா மழ வலுத்தா நீ அங்க இருக்காத. பள்ளிக்கூடத்துல போயி ஈரத் தரையில புள்ளைங்களப் படுக்க வைக்கிறத விட, அதுங்களக் கூட்டிக்கிட்டு நேரா இங்க வந்துரு."

"அங்க தண்ணி வருதுன்னு சொல்லிக்கிறாங்களே?"

"வருந்தான். இப்பக்கூட வந்துக்கிட்டுத்தான் இருக்கு." அம்மா மாவு வாளியை இழுத்துத் தன் பக்கம் வைத்து, கட்டிலில் ஒரு ஓரத்தை ஒதுக்கினாள், அந்தப் பெண் வாசலில் வந்து நிற்கிற மாதிரி. "வந்தா மேல ஏறி உக்காந்துக்கலாம். கட்டிலு பெருசு."

அக்கா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. கணுக்கால் தண்ணீரை அளைந்துகொண்டு, தேநீர் வைக்க அடுப்படிக்குப் போனாள்.